கஷ்டமான பாஸ்வேர்டு வைத்தாலும் ஹேக் ஆவது ஏன்? பலரும் செய்யும் அந்த ஒரு தவறு என்ன?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதிக்குத் தேவையான எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டு செல்லும் குழாய் அது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் தொடங்கி நியூயார்க் துறைமுகப் பகுதி வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளம். 2021ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி அந்தக் குழாயின் இயக்கம் மொத்தமாக நிறுத்தப்பட்டது. எங்கேயும் கசிவு இல்லை, தீ விபத்தும் இல்லை. எல்லாம் ஒரு பாஸ்வேர்டு செய்த வேலை.

கொலோனியல் பைப்லைன் என்ற அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த 'டார்க்சைடு' என்ற ஹேக்கர் கும்பல், தகவல்களைப் பூட்டிப் போட்டுவிட்டுப் பணம் கேட்டது. நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அதில் ஒரு பகுதியை அமெரிக்க நீதித்துறை பின்னர் மீட்டது. ஐந்து நாள் கழித்து, மே 12ஆம் தேதிதான் குழாய் மறுபடி இயங்கத் தொடங்கியது. அதற்குள் பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க் வாசலில் நீண்ட வரிசை.

இதைப் படித்ததும், "யாரோ '123456' என்று பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள்" என்றுதான் தோன்றும். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

அந்த பாஸ்வேர்டில் என்ன குறை?

2021 ஜூனில் அமெரிக்க செனட் குழு முன்பு ஆஜரான நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜோசப் பிளவுன்ட், அது சிக்கலான பாஸ்வேர்டுதான், 'கொலோனியல்123' மாதிரியான ஒன்று கிடையாது என்று விளக்கம் அளித்தார்.

பிறகு எப்படி மாட்டியது? வெளியிலிருந்து நிறுவன கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் விபிஎன் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு அது. அந்தக் கணக்கை யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்தார்கள், ஆனால் மூடவில்லை. அதே பாஸ்வேர்டு, இணையத்தின் இருட்டுச் சந்தையில் கசிந்து கிடந்த ஒரு தொகுப்பில் இருந்தது. ஊழியர் ஒருவர் இதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் வைத்திருந்து, அந்தத் தளம் முன்பே ஹேக் ஆகியிருக்கலாம் என்று விசாரித்த மாண்டியன்ட் நிறுவன அதிகாரி கூறினார். பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

அதாவது பாஸ்வேர்டு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், அது வேறு எங்கேயாவது கசிந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வங்கிக்கு, இமெயிலுக்கு, ஷாப்பிங் ஆப்புக்கு என எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் பலரும் செய்யும் அந்தத் தவறு. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே சாவியாக இருந்து, அதன் நகல் ஒன்று டீக்கடையில் தொலைந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

ஹேக்கர்கள் எப்படி நுழைகிறார்கள்?

சினிமாவில் காட்டுவதுபோல ஒருவர் கருப்புத் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக ஊகிப்பதில்லை. பெரும்பாலும் நான்கு வழிகள்தான்.

1. ஊகம்: பெயர், பிறந்த வருடம், குழந்தையின் பெயர், செல்போன் நம்பர், குலதெய்வத்தின் பெயருடன் '123'. உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தாலே இதில் பாதி கிடைத்துவிடும்.

2. கசிந்த பட்டியல்: ஒரு தளத்தில் திருடிய இமெயில், பாஸ்வேர்டு ஜோடிகளை மற்ற நூற்றுக்கணக்கான தளங்களில் சாஃப்ட்வேர் மூலம் போட்டுப் பார்ப்பது. எங்கே திறக்கிறதோ அங்கே உள்ளே போய்விடுவார்கள்.

3. உடைப்பது: திருடிய பாஸ்வேர்டு கோப்பைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்ப்பது.

4. ஏமாற்றுவது: வங்கி போலவே தெரியும் போலி லிங்க் அனுப்பி, நம் கையாலேயே பாஸ்வேர்டை டைப் செய்ய வைப்பது.

இதில் கஷ்டமான பாஸ்வேர்டு தடுப்பது முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும்தான். இரண்டாவதைத் தடுக்க ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வேண்டும். நான்காவதுக்கு இரண்டாவது பூட்டும் கொஞ்சம் நிதானமும் வேண்டும்.

பெரிய கம்பெனிகளிலேயே கசியுமா?

கசிந்திருக்கிறது. 2009 டிசம்பரில் 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடப்பட்டன. அவற்றை எந்தப் பூட்டும் இல்லாமல், அப்படியே எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் அதிகம் பேர் வைத்திருந்த பாஸ்வேர்டு '123456'. சுமார் 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தனர்.

2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டதில் முதலில் வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகள்தான். நான்கு வருடம் கழித்து, 2016இல், அதே திருட்டில் போன சுமார் 11.7 கோடி இமெயில், பாஸ்வேர்டு விவரங்கள் விற்பனைக்கு வந்தன. இன்று திருடியது நாளையே பயன்படும் என்று இல்லை. வருடக்கணக்கில் காத்திருந்தும் பயன்படுத்துவார்கள்.

டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வேறு தளங்களில் திருடப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத் தங்கள் வாடிக்கையாளர்கள் சிலரின் கணக்குகளில் நுழைந்திருக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் 2012இல் அறிவித்தது. திருட்டு பாஸ்வேர்டு ஒன்றின் மூலம் அதன் ஊழியர் ஒருவரின் கணக்கும் திறக்கப்பட்டிருந்தது. 2012இல் திருடப்பட்ட சுமார் 6.8 கோடி டிராப்பாக்ஸ் கணக்குகளின் விவரம் 2016இல் வெளியே வந்தது.

'ஹாஷ்' என்றால் என்ன?

ஒழுங்காக நடத்தப்படும் தளங்கள் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை. அதை ஒரு கணக்கு முறையில் அரைத்து, அடையாளம் தெரியாத எழுத்துக் கோவையாக மாற்றி வைக்கின்றன. இதற்குப் பெயர்தான் 'ஹாஷ்'. மாவாக அரைத்த அரிசியை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? அதுபோல ஹாஷைத் திருப்பிப் போட்டு பாஸ்வேர்டை எடுக்க முடியாது. நீங்கள் லாகின் செய்யும்போது டைப் செய்வதையும் அதே முறையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் தளம் பார்க்கும்.

சரி, அப்போ திருடினால் என்ன பயம்? திருடன் தன் பங்குக்கு 'அம்மா', 'அம்மா1', 'அம்மா123' என வரிசையாக அரைத்துப் பார்ப்பான். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் பாஸ்வேர்டு. வேகமாக அரைக்கும் பழைய ஹாஷ் முறையாக இருந்தால், கேம் விளையாட வாங்கும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டே நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி முயற்சிகளைச் செய்துவிடும். 8 சிறிய ஆங்கில எழுத்துகளில் உருவாக்கக்கூடிய மொத்த பாஸ்வேர்டுகள் சுமார் 20,882 கோடி. கேட்க பெரிய எண்தான். ஆனால் அந்த வேகத்துக்கு முன்னால் சில நொடி, சில நிமிட வேலை.

மெதுவாக அரைக்கும் முறைகளும் இருக்கின்றன. நல்ல தளங்கள் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் எந்தத் தளம் எந்த முறையில் வைத்திருக்கிறது என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதனால் நம் பக்கத்துப் பாதுகாப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

@, # எல்லாம் போட்டால் போதாதா?

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு கட்டாயம். 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலுவலக கம்ப்யூட்டரில் இந்த விதியைப் பார்க்காதவர்கள் குறைவு. உலகம் முழுக்க இது பரவியதில் முக்கியப் பங்கு, அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான 'நிஸ்ட்' 2004இல் வெளியிட்ட வழிகாட்டிக்கு உண்டு. அதில் பாஸ்வேர்டு பற்றிய பகுதியை எழுதியவர் பில் பர். ஓய்வு பெற்ற பிறகு, 2017இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் பேசிய அவர், தான் எழுதியதில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாகச் சொன்னார்.

காரணம் எளிது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். முதல் எழுத்தைப் பெரிதாக்கி, 'ஏ' எழுத்துக்குப் பதில் @, 'ஓ' எழுத்துக்குப் பதில் 0 போட்டு, கடைசியில் 1 சேர்ப்பார்கள். மாற்றச் சொன்னால் 1 என்பது 2 ஆகும். ஹேக்கர்களின் சாஃப்ட்வேருக்கு இந்த மாற்றங்கள் எல்லாம் அத்துப்படி.

2017இல் நிஸ்ட் தன் வழிகாட்டியையே மாற்றியது. எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்த சந்தேகம் இருந்தால் மாற்றினால் போதும், புதிய பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றது. 2025இல் வந்த புதிய பதிப்பு, பாஸ்வேர்டு மட்டுமே பூட்டாக இருக்கும் இடங்களில் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும் என்கிறது.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கணக்கைப் பார்த்தால் புரியும். கீபோர்டில் உள்ள எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர்த்து 94. இவற்றைக் கலந்து 8 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தால் சுமார் 61 கோடி கோடி வாய்ப்புகள். அதற்குப் பதில் சிறிய எழுத்துகள் 26ஐ மட்டும் வைத்து, ஒழுங்கில்லாமல் 16 எழுத்து வைத்தால்? 61 கோடி கோடியைப்போல 70 லட்சம் மடங்குக்கும் மேல். குறியீடு எதுவும் இல்லாமலேயே இந்த வித்தியாசம்.

'ஒழுங்கில்லாமல்' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். 16 எழுத்து இருந்தாலும் அது உங்கள் முழுப் பெயர் என்றால் பயன் இல்லை.

நினைவில் நிற்கும் பாஸ்வேர்டை உருவாக்குவது எப்படி?

1995இல் ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் 'டைஸ்வேர்' என்ற முறையை அறிமுகப்படுத்தினார். தாயக்கட்டையில் விளையாடுவது போலத்தான். ஆறு முகம் உள்ள பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஐந்து சொல் எடுத்தால் சுமார் 2.84 லட்சம் கோடி கோடி வாய்ப்புகள். முன்பு பார்த்த 8 எழுத்துக் கலவையைவிட இது 4,600 மடங்குக்கும் அதிகம்.

பகடை இல்லையென்றால், தடிமனான அகராதி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை திறந்து, விரல் படும் சொல்லை எடுக்கலாம். பகடை அளவுக்குக் கச்சிதம் இல்லை என்றாலும், நாமே யோசித்து வைப்பதைவிட மேல். உதாரணத்துக்கு: குடை, தபால், நண்டு, ஏணி, பவுடர். குடை பிடித்த தபால்காரர் ஏணியில் ஏறும் நண்டுக்குப் பவுடர் போடுவதாக ஒரு காட்சியை மனதில் ஓட்டினால் மறக்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்தால், எந்த கம்ப்யூட்டரிலும் சிக்கல் வராது. இந்த ஐந்து சொல்லையே அப்படியே வைத்துவிடாதீர்கள். இது இப்போது இணையத்தில் இருக்கிறது.

செய்யக் கூடாதது: சினிமா பாட்டு வரி, பஞ்ச் டயலாக், குறள், பழமொழி. ஊருக்கே தெரிந்த வரி ஹேக்கரின் பட்டியலுக்கும் வந்துவிடும்.

இத்தனை பாஸ்வேர்டை யார் ஞாபகம் வைப்பது?

நியாயமான கேள்வி. யாராலும் முடியாது. முடியாததால்தான் ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைக்கிறோம். இதற்குத்தான் 'பாஸ்வேர்டு மேனேஜர்' இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் நீளமான புதிய பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, பூட்டி வைத்து, தேவைப்படும்போது நிரப்பிக் கொடுக்கும். ஆண்ட்ராய்டு போனிலும் குரோம் பிரவுசரிலும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப் உண்டு. பிட்வார்டன், கீபாஸ் போன்றவையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் இன்னொரு லாபம்: பாஸ்வேர்டைச் சேமித்த தளத்தின் முகவரியை மேனேஜர் சரிபார்க்கும். வங்கியின் பெயரில் போலித் தளம் வந்தால், நம் கண் ஏமாறும், அது நிரப்பாது. வழக்கமாகத் தானாக நிரம்பும் இடத்தில் ஒருநாள் நிரம்பவில்லை என்றால், முகவரியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

மேனேஜரே ஹேக் ஆகாதா? 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல் திருடப்பட்டது. அதிலிருந்த பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில்தான் இருந்தன. அந்தப் பூட்டின் உறுதி, ஒவ்வொருவரும் வைத்திருந்த முதன்மை பாஸ்வேர்டைப் பொறுத்தது. எனவே பகடை உருட்டி எடுத்த ஐந்து சொல்லை மேனேஜரின் முதன்மை பாஸ்வேர்டாக வையுங்கள். ஞாபகம் வைக்க வேண்டியது அது ஒன்றுதான்.

ஆப் எல்லாம் வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு? ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வைப்பது தப்பே இல்லை. இணையத்தில் இருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பது, கேலரியில் போட்டோவாக வைப்பது, கான்டாக்ட் லிஸ்டில் 'ஏடிஎம்' என்று சேமிப்பது, மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டுவது ஆகியவை வேண்டாம்.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

இமெயில். காரணம், மற்ற பல கணக்குகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால், புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் வந்து விழுவது அங்கேதான். இமெயில் ஒருவர் கைக்குப் போனால் மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாகப் போகும்.

நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டர் போகும்போது, கடைக்காரரே ஒரு இமெயில் தொடங்கி, செல்போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்து, விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுப்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் பிறகு அதே இமெயிலைத்தான் வங்கிக்கும் கொடுத்திருப்போம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு இமெயில் இருந்தால், இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள். மீட்புக்கான செல்போன் எண்ணும் அவர்களுடையதுதானா என்று பாருங்கள்.

இரண்டாவது பூட்டு ஏன் அவசியம்?

பாஸ்வேர்டு கசிந்தாலும் உள்ளே வர முடியாமல் தடுப்பது 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி அதில் ஒரு வகை. உங்கள் எண்ணுக்கு மோசடியாக வேறு சிம் வாங்கிவிட்டால் அந்த ஓடிபி திருடனுக்குப் போய்விடும் என்ற ஆபத்து இருக்கிறது. இருந்தாலும் எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். சில நொடிகளுக்கு ஒருமுறை புதிய எண் காட்டும் 'ஆதென்டிகேட்டர்' ஆப், சிம்மை நம்பி இல்லாததால் இன்னும் பாதுகாப்பானது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் 6 இலக்க பின் நம்பர் வைக்கலாம். இரண்டே நிமிட வேலை. கூகுள் கணக்கில் இதை ஆன் செய்தால், போன் தொலைந்தால் பயன்படுத்த 'பேக்கப் கோடு'களும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

ஓடிபியை யார் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது. இரண்டாவது பூட்டின் சாவியை நாமே கையில் கொடுத்தால் அந்தப் பூட்டு எதற்கு?

'பாஸ்கீ' என்கிறார்களே, அது என்ன?

பாஸ்வேர்டே வேண்டாம் என்பதுதான் பாஸ்கீ. கைரேகை, முகம் அல்லது போன் லாக் மூலம் லாகின் செய்யலாம். ஒரு ரகசியச் சாவி உங்களிடமே இருக்கும். அதற்கு ஜோடியான பொதுச் சாவி மட்டும் தளத்திடம் இருக்கும். தளம் ஹேக் ஆனாலும் அந்தப் பொதுச் சாவியை வைத்து யாரும் நுழைய முடியாது. போலித் தளத்திலும் அது வேலை செய்யாது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022 மே மாதம் இதற்கு ஆதரவை விரிவாக்குவதாக அறிவித்தன. கேட்கும் இடத்தில் 'பாஸ்கீ உருவாக்கு' என்று கொடுக்கலாம்.

என் பாஸ்வேர்டு கசிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் பவுன்ட்' என்ற தளத்தில் உங்கள் இமெயிலைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரிலும் 'செக்கப்' வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகி வரும் 'சோதித்துப் பாருங்கள்' லிங்க்குகளில் பாஸ்வேர்டை டைப் செய்யவே வேண்டாம்.

ஹேக் ஆகிவிட்டது, இப்போ என்ன செய்வது?

* முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வங்கி, பிறகு மற்றவை.
* 'எல்லா சாதனங்களிலும் லாக் அவுட்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்ற அது தேவை.
* மீட்பு எண், மீட்பு இமெயில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
* பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் தரலாம்.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதனால் புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று நினைத்தால் எதையும் மாற்ற மாட்டோம். இன்று இமெயிலுக்கு மட்டும் புதிய, வேறெங்கும் இல்லாத பாஸ்வேர்டு வைத்து, டூ ஸ்டெப்பையும் ஆன் செய்யுங்கள். நாளைக்கு வங்கி. அப்புறம், எப்போதோ ஒரு தள்ளுபடிக்காகத் தொடங்கி மறந்துபோன பழைய கணக்குகள் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக மூடிவிடுங்கள்.